பெட்டி எத்தனை கிலோ?

புருல்சாவின் கொழுந்தன் எசென் அந்தப் பெட்டியை ஒரே தோளில் வைத்துக்கொண்டு, மறு கையில் சிகரெட்டோடு வந்தான். விஷயம் அங்கேயே விளங்கியிருக்க வேண்டும். யாருக்கும் விளங்கவில்லை.

"வழி விடுங்க, வழி விடுங்க! மெஷின் வருது!" என்று வாசலிலிருந்தே கத்தினான். "அண்ணி, ரெண்டு ஆள் வேணும்னீங்களே, பாத்தீங்களா? எனக்கு இது ஒரு ஆட்டுக்குட்டி."

"மொதல்ல சிகரெட்டைப் போடு. துணி இருக்கிற வீடு" என்றாள் புருல்சா.

தோக்மோக் நகரத்தில், கால்வாய்த் தெருவில், புருல்சாவின் வீட்டு முன்பக்க இரண்டு அறைகள்தான் அவளுடைய தையற்கூடம். நான்கு மெஷின், மூன்று தையல்காரிகள். ஆகஸ்ட் வந்தால் பள்ளிச் சட்டைகள். இந்த வருஷம் இரண்டு பள்ளிகளுக்கு நூற்று அறுபது சட்டை. இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு சட்டைக்கு ஒன்பது காஜா, அதாவது பொத்தான் துளை: முன்பக்கம் ஆறு, கழுத்துப் பட்டியில் ஒன்று, கைப்பட்டிக்கு ஒவ்வொன்று. மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது. அவளிடம் காஜா மெஷின் கிடையாது. சட்டைகளை மூட்டை கட்டி மினிபஸ்ஸில் தலைநகர் பிஷ்கெக் கொண்டுபோய், அங்கே ஒரு கூடத்தில் வரிசையில் நின்று காஜா போட்டுக்கொண்டு வர வேண்டும். ஆகஸ்டில் அந்த வரிசை ஒரு வாரம் நீளும். போன வருஷம் அப்படித்தான் ஒரு பள்ளி கைவிட்டுப் போனது.

அதனால்தான் குளிர்காலம் முழுக்கப் போர்வை உறை தைத்துச் சேர்த்த தொண்ணூற்று ஆறாயிரம் சோம் பணத்தையும் ஒரே மெஷினில் போட்டாள். இணையச் சந்தையில், எல்லாரும் 'பச்சைப் பை' என்று சொல்கிற அந்தச் செயலியில், பழைய மெஷின் விலைக்குப் புத்தம் புது மெஷின் கிடைத்தது. ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் வாங்கிக் கருத்து எழுதியிருந்தார்கள்.

காஜா மெஷின் வேலை செய்வதைப் பார்க்கப் புருல்சாவுக்கு அலுக்கவே அலுக்காது. ஊசி ஒரு பக்கம் நெருக்கமாகத் தைத்துக்கொண்டே போகும், மேலே திரும்பும், மறுபக்கம் தைத்துக்கொண்டே வரும். நாலு பக்கமும் கட்டி முடித்த பிறகுதான் நடுவே ஒரு சின்னக் கத்தி டக்கென்று விழுந்து துணியைக் கீறும். முதலில் கீறிவிட்டால் துணி பிசிறிப்போகும். தையல் முன்னால், கத்தி பின்னால். அந்த வரிசையைக் கண்டுபிடித்தவனைக் கண்டால் டீ ஊற்றிக் கொடுக்கலாம் என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், மருமகளோ குழந்தையோ மெஷினோ, முதலில் பார்க்கிறவர்கள் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுதான் கொருந்துக். தட்டில் நூறும் இருநூறுமாக விழுந்தது. தையல்காரிகளில் ஒருத்தியான நுரிலா டீ ஊற்றினாள். எண்ணெயில் பொரித்த சூடான போர்சோக் ரொட்டித் தட்டு சுற்றி வந்தது. புருல்சா கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள்.

உள்ளே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு நடைபாதைக் கற்கள். நடுவில், இளஞ்சிவப்பு நிறத்தில், பேட்டரியில் ஓடுகிற ஒரு பொம்மைத் தையல் மெஷின்.

எதிர்வீட்டு சுய்ரூக் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் இருநூறு போட்டேன். கல்லைப் பாக்குறதுக்கு இருநூறு கொஞ்சம் அதிகம்."

"எசென்!" என்றாள் நுரிலா. "ஆட்டுக்குட்டியா அது?"

எசென் காது வரை சிவந்துவிட்டான். "எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தையல்காரனா? மெஷின்னா இவ்வளவுதான் கனம் இருக்கும்னு நெனச்சேன்."

"பார்சல் குடுக்கிற கடையில வச்சே பிரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள் புருல்சா. பதில் அவளுக்கே தெரியும்.

"அந்தம்மா கேட்டுச்சு அண்ணி. 'இங்கேயே கேமராவுக்கு முன்னால பிரிங்க'ன்னு. நான்தான் வேணாம்னேன். புதுப் பொருளை எவனெவனோ வந்துபோற கடையில பிரிக்கலாமா? வீட்டு ஆளுங்க பாக்குறதுக்கு முன்னாடி வரிசையில நிக்கிறவன் பாத்துட்டா நல்லாவா இருக்கும்?"

கூடியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். பையன் செய்தது சரிதான். புருல்சா போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். அதுதான் அவளைக் குத்தியது.

"கோட்? போனுக்கு வந்த அந்த நம்பர்?"

"சொல்லிட்டேன். கோட் சொன்னாத்தானே பெட்டி தருவாங்க."

வந்தவர்கள் கலைந்ததும் அவள் மேசை முன்னால் உட்கார்ந்து போனை எடுத்தாள். அழவில்லை. ஒரு மெஷின் நின்றுபோனால் அவள் முதலில் செய்வது மூடியைக் கழற்றுவது. எங்கே எது எதை இழுக்கிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதுவும் ஒரு மெஷின்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

உதவி என்று எழுதியிருந்த இடத்தில் அழுத்தினாள். 'வணக்கம்! நான் உங்கள் உதவியாளன்' என்று ஒரு சிரித்த முகம் வந்தது. நடந்ததை எழுதினாள். பதில் நொடியில் வந்தது: பொருள் கோட் சொல்லிப் பெறப்பட்டது, ஒப்படைப்புக் கடையின் கேமராவுக்கு முன் பிரிக்கப்படவில்லை, எனவே புகாரை ஏற்க வழியில்லை.

'மெஷினுக்குப் பதில் கல் வந்திருக்கிறது' என்று மறுபடி எழுதினாள்.

'கற்களைத் தேடுகிறீர்களா? உங்களுக்காக 312 பொருட்கள் உள்ளன.'

நுரிலா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் முந்நூறு கல்லா? தெருவுக்கே தளம் போட்டுரலாம் அக்கா."

"சிரி, சிரி" என்றாள் புருல்சா. "இது மனுஷன் இல்ல, கதவு. கதவுகிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல. இதுக்குப் பின்னாடி காசு எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும்."

விதிமுறைப் பக்கத்தைத் திறந்தாள். யாரும் படிக்காத அந்த நீளமான பக்கத்தை அவள் துணிக்கடை ரசீது படிப்பதுபோல விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் தெரிந்தன. வாங்குகிறவர் கொடுக்கும் பணம் உடனே விற்கிறவனுக்குப் போவதில்லை, சந்தையிடம் தங்குகிறது. கடையில் கோட் சொன்ன நிமிஷம் அது விற்கிறவன் பெயருக்கு மாறுகிறது. ஆனால் அப்போதும் அவன் கைக்குப் போய்விடாது. வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை நண்பகலில், எல்லா விற்பனையாளர்களுக்கும் மொத்தமாக அனுப்புகிறார்கள்.

"நுரிலா, இன்னைக்கு வெள்ளிதானே?"

"ஆமா."

"அப்ப நம்ம காசு இன்னும் வெளிய போகல. திங்கள் பன்னண்டு மணி வரைக்கும் உள்ளதான் இருக்கு. காஜா மெஷின்ல தையல் முடிஞ்சாத்தான் கத்தி விழும். இவங்க மெஷின்ல கோட் சொன்னதுமே கத்தி விழுது. பொருளைப் பாக்குறது அப்புறந்தான். தப்பா செஞ்ச மெஷின். ஆனா திங்கள் வரைக்கும் துணி முழுசா கிழியல."

அடுத்து அந்த நட்சத்திரங்கள். இத்தனை பேர் எப்படிப் புகழ்ந்தார்கள்? புதிய கருத்துகளை விட்டுவிட்டு, அடியிலிருந்து, மிகப் பழையதிலிருந்து படித்தாள்.

"'ரொம்ப மெத்துன்னு இருக்கு, பொண்ணு கட்டிப்பிடிச்சுத் தூங்குறா.' காஜா மெஷினையா?"

நுரிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "'துவைச்சும் சாயம் போகல.' 'மாமியாருக்கு வாங்கினேன், குளிருக்கு இதமா இருக்குன்னாங்க.' அக்கா, இதெல்லாம் போர்வை!"

போர்வைதான். அந்த ஆள் இரண்டு வருஷம் ஒழுங்காகப் போர்வை விற்றிருக்கிறான், அல்லது போர்வை விற்றவனிடமிருந்து கடையை வாங்கியிருக்கிறான். பிறகு அதே பக்கத்தில் படத்தையும் பெயரையும் விலையையும் மாற்றி மெஷின் ஆக்கிவிட்டான். பொருள் மாறினாலும் பக்கத்தின் எண் மாறுவதில்லை. எண்ணோடு ஒட்டிய நட்சத்திரங்களும் உதிர்வதில்லை. பேர்பெற்ற சமோசாக் கடையை வாங்கிப் பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே பல் பிடுங்க ஆரம்பித்த மாதிரி. வரிசை மட்டும் நின்றுகொண்டே இருக்கும்.

"எவ்வளவு மூளை!" என்றாள் புருல்சா. அவள் குரலில் கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் இருந்தது. "ஆனா மூளைக்காரன் எங்கயாவது ஒரு இடத்துல சோம்பேறியா இருப்பான். அது எங்கன்னு பாக்கணும்."

பக்கத்தின் அடியில் மெஷினின் விவரங்கள் இருந்தன. எடை: நாற்பத்தெட்டு கிலோ. அவள் நிமிர்ந்தாள்.

"பெட்டி எங்க?"

நுரிலா வெட்டு மேசையைப் பார்த்தாள். நல்ல தடித்த அட்டை தையற்கூடத்தில் ஐந்து நிமிஷம் சும்மா கிடக்காது. பெட்டியின் ஒரு பக்கத்தில் காலர் அளவு வரைந்து, அழகாக வெட்டியும் எடுத்துவிட்டிருந்தாள்.

"பாவி! அந்தப் பக்கந்தான் ஒட்டுச்சீட்டு இருந்துச்சு."

"அட்டை நல்லா இருந்துச்சேக்கா. அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க காலர் கூர்மையா வேணும்னாங்க..."

ஒட்டுச்சீட்டின் பாதி காலரில் இருந்தது, பாதி பெட்டியில். இரண்டையும் சேர்த்து வைத்துப் புருல்சா குனிந்து பார்த்தாள். பட்டைக்கோடுகளுக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில்: 11.24 கி.

அங்கேதான் அவன் சோம்பேறியாக இருந்திருக்கிறான். பெட்டியை அனுப்பும்போது எடைக்குத் தகுந்தபடி வண்டிக் கூலி கட்ட வேண்டும். நாற்பத்தெட்டு கிலோவுக்குக் கல் வைத்தால் கூலி நாலு மடங்கு. அதை மிச்சம் பிடித்திருக்கிறான். விவரப் பக்கத்தில் ஒரு எடை, கிடங்கில் வேறு எடை. இரண்டும் சந்தையின் கையிலேயே இருக்கின்றன. ஒன்றைப் பார்க்கிறவர் மற்றதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பெட்டி, கல், காலர் எல்லாவற்றையும் எசென் தலையில் ஏற்றிக்கொண்டு ஒப்படைப்புக் கடைக்குப் போனாள். கடையை நடத்துகிற லாரிசா பெத்ரோவ்னா பார்த்த உடனேயே கையை உயர்த்தினாள்.

"வேணாம். அதை என் மேசையில வைக்காதீங்க. நான் சொன்னேன்ல, இங்கேயே பிரிக்கச் சொல்லி? உங்க கொழுந்தன்தான் இளவரசன் மாதிரி தூக்கிட்டுப் போனாரு."

"நீங்க சொன்னது நிஜம், லாரிசா பெத்ரோவ்னா. தப்பு எங்க மேலதான். ஒரு நிமிஷம் கேளுங்க."

"கேக்க மாட்டேன். போன வசந்தத்துல ஒருத்தி போன் பெட்டியில சோப்பு இருக்குன்னு வந்து நின்னா. பாவம்னு நான் புகார் போட்டேன். என்ன ஆச்சு தெரியுமா? 'கடையில மாத்திட்டாங்க'ன்னு என் கமிஷன்லருந்து பிடிச்சுட்டாங்க. அவங்களுக்கு யாராவது ஒருத்தர் தலை வேணும். பக்கத்துல இருக்கிறது என் தலை."

"அதான் வந்திருக்கேன். நான் இப்ப விக்கிறவன் மேல புகார் போட்டு, அவன் 'நான் மெஷினைத்தான் அனுப்புனேன்'னு சொன்னா, அவங்க யாரைப் பாப்பாங்க? என்னை, இல்லன்னா உங்களை. சரியா?"

லாரிசா பெத்ரோவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதற்குச் 'சொல்லு' என்று அர்த்தம்.

புருல்சா காலரைப் பெட்டியின் ஓட்டையில் பொருத்திக் காட்டினாள். "இது அவன் கொடுத்த இடத்துல ஒட்டுன சீட்டு. பதினொண்ணு புள்ளி இருபத்து நாலு. நடுக் கிடங்குல ஒரு தடவை எடை போட்டிருப்பாங்க. உங்க கடைக்கு வண்டி வந்தப்போ நீங்க ஒரு தடவை போட்டிருப்பீங்க. உங்க கம்ப்யூட்டர்ல மூணும் இருக்கும். மூணும் ஒண்ணா இருந்தா, பெட்டி புறப்பட்ட இடத்துலேயே உள்ள கல்லுதான். வழியில யாரும் தொடல. நீங்களும் தொடல, நானும் தொடல. இந்த எடைதான் உங்க தலையைக் காப்பாத்துற தொப்பி."

லாரிசா பெத்ரோவ்னா விசைப்பலகையில் மெதுவாகத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை தட்டினாள்.

"11.24. 11.24. என் தராசு 11.2 காட்டுது, அது பழசு." பிறகு விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "நாப்பத்தெட்டா? அட நாசமாப் போறவனே!"

"நான் புகார் எழுதினா அந்தக் கதவு பேசுது. நீங்க எழுதினா?"

"எங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கு" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள், கடையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும். "'எடை முரண்'னு ஒரு வகை. யாரும் அதைத் தொடுறதில்ல. அது வாங்குறவங்க பிரிவுக்குப் போகாது, கிடங்குக்குப் போகும். எடைன்னா வண்டிக் கூலி. கூலி விஷயம்னா அங்க மனுஷங்களே உக்காந்து பாப்பாங்க."

"போடுங்களேன்."

"ஒரே ஒரு பெட்டின்னா 'எழுத்துப் பிழை'ன்னு மூடிடுவாங்கம்மா. எனக்குத் தெரியும் இவங்களை."

"அப்ப ஒண்ணுக்கு மேல தேடுவோம்" என்றாள் புருல்சா.

அங்கேயே நின்றபடி, பொருளின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படியாக உள்ள கேள்விப் பகுதியில் எழுதினாள்: 'இந்த மெஷினை வாங்கியவர்களே, இன்னும் வாங்காமல் காத்திருப்பவர்களே, உங்கள் ஒட்டுச்சீட்டில் பெட்டி எத்தனை கிலோ? என்னுடையது 11.24. உள்ளே கல்.'

விற்பனையாளன் பத்து நிமிஷத்தில் பதில் போட்டான்: 'அன்பான வாடிக்கையாளரே! எங்கள் மெஷின் நவீன இலகு உலோகத்தால் ஆனது. அதனால்தான் எடை குறைவு.'

எசென் படித்துவிட்டு முகம் மலர்ந்தான். "பாத்தீங்களா அண்ணி? நான் தூக்குனது இலகு உலோகம்."

"வாயை மூடு" என்றாள். அவள் விரல்கள் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தன: 'நல்லது. உங்கள் மெஷினில் கத்தி தைப்பதற்கு முன் விழுமா, தைத்த பின் விழுமா?'

'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்று பதில் வந்தது.

புருல்சா சிரித்த சிரிப்பில் லாரிசா பெத்ரோவ்னாவும் சேர்ந்துகொண்டாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. விளக்கம் கேட்டதும் புருல்சா கடைக் காகிதத்தை எடுத்து, பென்சிலால் காஜா வரைந்து, கத்தி ஏன் கடைசியில்தான் விழ வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். தையல் தெரிந்த எவரும் அந்தப் பதிலைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். காஜா மெஷின் வாங்குகிறவர்கள் எல்லாரும் தையல் தெரிந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஆறு பேர் பதில் எழுதியிருந்தார்கள். தலாஸிலிருந்து ஒருத்தி: 11.24, கல், வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஜலால்-அபாத்திலிருந்து ஒருவர்: 11.26, கல், மனைவி இன்னும் பேசவில்லை. எல்லாரும் வீட்டில்தான் பிரித்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள் இருந்திருக்கிறார்கள். ஏழாவது பதில்தான் புருல்சா காத்திருந்தது. நாரினிலிருந்து ஒரு தையல்காரர்: 'என் பெட்டி இன்னும் கடையில்தான் இருக்கிறது. கோட் சொல்லவில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் எடை போட்டு, கேமரா முன்னால் பிரிக்கிறேன்.'

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே புருல்சா லாரிசா பெத்ரோவ்னாவின் கடையில் இருந்தாள். எடை முரண் பக்கத்தில் அவளுடையதும் அந்த ஆறு பேர் அனுப்பியதுமாக ஏழு பெட்டி எண்களும் வரிசையாகத் தயாராக இருந்தன. ஒன்பதரைக்கு நாரினிலிருந்து படம் வந்தது: கேமராவுக்குக் கீழே மேசை, மேசைமேல் இரண்டு கல், நடுவில் இளஞ்சிவப்புப் பொம்மை. நாரின் கடைக்காரரும் அதே பக்கத்தில் புகார் போட்டுவிட்டாராம்.

"அனுப்புங்க" என்றாள் புருல்சா.

லாரிசா பெத்ரோவ்னாவின் விரல் ஒரு கணம் தயங்கியது. "என்னைப் பிடிச்சாங்கன்னா, நீதான் எனக்குச் சட்டை தைச்சுத் தரணும், சிறைக்குப் போட்டுட்டுப் போக."

"காஜா மட்டும் இருக்காது. பரவாயில்லையா?"

அனுப்பினாள். பிறகு டீ குடித்தார்கள். பத்து மணி. பத்தரை. ஒருவர் காலணிப் பார்சல் வாங்க வந்தார், போனார். பதினொன்றுக்குப் புருல்சா விரலால் மேசையைத் தட்ட ஆரம்பித்தாள். பயத்தால் அல்ல; மூடியைக் கழற்றி, சிக்கலை எடுத்து, மறுபடி மூடி, சுவிட்சைப் போட்ட பிறகு சக்கரம் சுற்றக் காத்திருக்கிற அந்த நிமிஷம் அவளுக்குப் பழக்கமானது. பதினொன்று நாற்பதுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. எழுதியது மனிதர்தான்; ஒரு எழுத்துப்பிழை இருந்தது. விற்பனையாளருக்கான பட்டுவாடா நிறுத்தி வைக்கப்படுகிறது. பொருள் திரும்ப வந்து, எடை சரிபார்க்கப்பட்டதும், வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும். பொருள் மூலப் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

இருவரும் காலர் வடிவ ஓட்டையைப் பார்த்தார்கள்.

"ஒட்டுறதுக்கு நாடா இருக்கா?" என்று கேட்டாள் புருல்சா.

லாரிசா பெத்ரோவ்னா முழுச் சுருளையும் எடுத்துக் கொடுத்தாள். புருல்சா காலரை அதன் இடத்தில் வைத்து, தையல்காரியின் கையால், ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினாள். தராசு 11.2 காட்டியது. லாரிசா பெத்ரோவ்னா பட்டைக்கோட்டின் மேல் கருவியைக் காட்டினாள், அது கிக்கென்றது. பணம் புறப்பட்டு வரப் புதன்கிழமை ஆனது, ஆனால் தொண்ணூற்று ஆறாயிரமும் குறையாமல் வந்தது.

புதன் மதியம் செய்தி வந்தபோது அவள் கையில் பாதி தைத்த சட்டை. ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு பிஷ்கெக் மெஷின் சந்தைக்குப் போன் போட்டாள். அங்கே அவளுக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், பழைய ஜப்பான் மெஷின் ஒன்று வைத்திருந்தார்.

"வரேன் அண்ணே, மூணு மணிக்குள்ள வந்துருவேன். இல்ல, பெட்டியெல்லாம் கட்டி வைக்காதீங்க. மேசை மேலேயே இருக்கட்டும், கரண்ட் குடுத்து வைங்க. துணி நான் கொண்டு வரேன், நூலும் நானே கோத்துக்கிறேன். சட்டைத் துணியில மூணு, காலர் மடிப்புல ரெண்டு அடிச்சுப் பாத்துட்டுத்தான் காசு... கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோங்க, அஞ்சு காஜாவுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

நுரிலா வெட்டித் துண்டுகளில் நல்லதாக நாலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். மேசையில் நூற்று அறுபது சட்டையில் எழுபது அடுக்கி வைத்திருந்தது, எல்லாம் காஜா இல்லாமல். இன்னும் பன்னிரண்டு நாள். புருல்சா மனதுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். கணக்கு சரியாக வந்தது. மினிபஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது, அவள் ஓடினாள்.